அமெரிக்காவின் லூசியானாவில் ‘பாயூ’க் கரை ஊர்கள் எப்படிப்பட்டவை? ஏதாவது ஒரு சிறு நகரத்தை வைத்து அதன் வரலாற்றையும் இயல்பையும் விளக்க முடியுமா? போனால் என்ன பார்க்கலாம்?

முதலில் அந்தச் சொல். பாயூவுக்கும் பேய்க்கும் சம்பந்தமில்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்று கரையில் நின்று ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு மெதுவாக நகரும் நீரோடைக்குத் தெற்கு லூசியானாவில் பாயூ என்று பெயர். சாக்டா பழங்குடியினரின் ‘பயுக்’ பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து இப்படி ஆனது.

நான் எடுத்துக்கொள்வது நியூ ஐபீரியா. டெஷ் பாயூவின் கரையில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 28,500. நியூ ஆர்லியன்சிலிருந்து மேற்கே 200 கிலோமீட்டர், லஃபயெட்டிலிருந்து தென்கிழக்கே 30 கிலோமீட்டர். ஐபீரியா பாரிஷின் தலைநகரும் இதுதான். மற்ற மாநிலங்களில் கவுன்டி என்பதை லூசியானாவில் பாரிஷ் என்பார்கள். கத்தோலிக்கப் பங்குகளை வைத்து எல்லை வகுத்த காலத்தின் மிச்சம் அது.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: மேடு எங்கே? கடல்மட்டத்துக்கு ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் மேடு என்ன, பள்ளம் என்ன என்று தோன்றும். ஆனால் யார் எங்கே குடியேறினார்கள், யாருக்கு எந்த நிலம் கிடைத்தது, என்ன விளைந்தது, எது இடிந்து விழுந்தது என்று எதைக் கேட்டாலும் விடை ஒன்றிரண்டு மீட்டர் உயர வித்தியாசத்தில்தான் போய் நிற்கிறது.

இங்கே மேடு இரண்டு வகை. முதலாவது வண்டல் மேடு. டெஷ் இன்று ஒடுங்கிய ஓடை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மிசிசிப்பியின் முதன்மை வாய்க்காலே இந்த வழியாகத்தான் ஓடியது. வெள்ளம் கரை புரளும்போது கனமான மணலும் வண்டலும் கரையோரத்திலேயே படிந்துவிடும். நுண்ணிய களி மட்டும் தொலைவுக்குப் போகும். இப்படிப் படிந்து படிந்து கரைதான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடமாகிறது. தண்ணீரை விட்டு விலகிப் போகப் போக நிலம் தாழ்ந்து, கடைசியில் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்பில் முடியும். ஆற்றங்கரை வீடு ஆபத்து, தள்ளியிருப்பதே பத்திரம் என்று நினைத்துப் பழகியவர்கள் இங்கே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்.

மண்ணின் பழைய உரிமையாளர்களான சிட்டிமாச்சா மக்களுக்கு இந்தக் கரை நன்றாகத் தெரிந்திருந்தது. டெஷ் என்றால் பாம்பு. ஒரு பெரும் பாம்பைக் கொன்றபோது அது புரண்டு கிடந்த தடமே இந்த ஓடை என்பது அவர்கள் கதை. நெளிவுகளை வரைபடத்தில் பார்த்தால் ஒப்புக்கொள்ளத் தோன்றும். அவர்களுடைய குடியிருப்பு இன்றும் கீழே ஷாரன்டன் என்ற இடத்தில் இருக்கிறது. மூங்கில் இனப் பிளாச்சில் அவர்கள் முடையும் கூடைகள் பெயர் பெற்றவை.

ஊரின் பெயர் எப்படி ஸ்பானியப் பெயராயிற்று? 1760களில் லூசியானா பிரான்சிடமிருந்து ஸ்பெயினுக்குக் கைமாறியது. 1770களின் பிற்பாதியில் அங்கே ஆளுநராக இருந்த பெர்னார்டோ டி கால்வெஸ் ஸ்பெயினின் மாலகா பகுதிக்காரர். 1779-இல் ஃபிரான்சிஸ்கோ புலினி என்ற அதிகாரியின் தலைமையில் மாலகாவிலிருந்து குடும்பங்களை வரவழைத்து இங்கே குடியேற்றினார்கள். முதலில் அவர்கள் இறங்கியது டெஷின் கீழ்ப்பகுதி. சில வாரங்களில் வெள்ளம் வந்து அடித்துப் போக, மேலே ஏறி வந்து இன்றைய இடத்தைப் பிடித்தார்கள். ஊரின் முதல் இடமாற்றமே மேட்டைத் தேடித்தான். சணலும் ஆளியும் பயிரிட்டு ஸ்பெயினுக்கு அனுப்புவது திட்டம். ஈரமும் வெப்பமும் ஒத்துவரவில்லை, கைவிட்டுவிட்டு மாடு வளர்த்தார்கள்.

அதற்குள் சுற்றிலும் வேறு மொழி சூழ்ந்துவிட்டது. 1755-இல் தொடங்கி ஆங்கிலேயர்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டிய, பிரெஞ்சு பேசும் அகாடியர்கள் 1765 முதல் இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ‘அகாடியன்’ தேய்ந்து ‘கேஜன்’ ஆனது. எண்ணிக்கையில் சிறுபான்மையான ஸ்பானியர்கள் இரண்டொரு தலைமுறையில் பிரெஞ்சு பேச ஆரம்பித்தார்கள். மிச்சம் நின்றது குடும்பப் பெயர்கள்: ரொமேரோ, செகூரா, மிகேஸ், வில்லடோரோ தேய்ந்து வந்த வியாட்டர். தொலைபேசிப் புத்தகத்தில் இப்பெயர்களைப் பார்த்து மெக்சிகோக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தாத்தா பாட்டி பேசியது பிரெஞ்சு. அந்தப் பிரெஞ்சையும் 1921 மாநில அரசியல் சட்டம் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே தள்ளியது. 1968-இல் அரசே பிரெஞ்சு வளர்ச்சிக்கு ஓர் அமைப்பை ஏற்படுத்தியபோது ஒரு தலைமுறை கடந்துவிட்டிருந்தது.

நிலம் பங்கிட்ட முறையையும் பார்க்க வேண்டும். பிரெஞ்சு அளவான ஆர்பான் சுமார் 58.5 மீட்டர். ஆளுக்குச் சில ஆர்பான் அகலம் கரையில், அங்கிருந்து பின்னால் நாற்பது ஆர்பான் வரை, அதாவது ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளம். பட்டை பட்டையாகக் கிழித்த துணி மாதிரி. காரணம் எளிது. ஒவ்வொருவருக்கும் படகு கட்டத் தண்ணீர் முகப்பு, வீடு கட்ட மேடு, பயிரிட நடுநிலம், விறகுக்கும் பலகைக்கும் பின்சதுப்பு, நான்கும் கிடைக்க வேண்டும். வரைபடத்தில் நியூ ஐபீரியாவைத் திறந்து பாருங்கள்: பாயூ வளையும் இடத்தில் வயல்கள் விசிறி மடிப்பாக விரியும், மெயின் ஸ்ட்ரீட் பாயூவை ஒட்டியே நெளியும். பின்னால் வந்த ரயில்பாதை தாழ்வான பக்கம் போயிற்று. அதற்கு அப்பால் ஹாப்கின்ஸ் தெருவைச் சுற்றிய பகுதிதான் கறுப்பின மக்களின் கடைவீதியும் குடியிருப்பும் ஆனது. மேடு யாருக்கு என்ற கேள்விக்கு ஊரே எழுதி வைத்த விடை அது.

மேட்டின் உச்சியில் இருப்பது ‘ஷேடோஸ்’ மாளிகை. கரும்புத் தோட்ட முதலாளி டேவிட் வீக்ஸ் 1831 முதல் 1834 வரை கட்டியது. முன்பக்கம் எட்டுத் தூண்கள், பாயூக் களியில் சுட்ட செங்கல், அடிமைகளின் உழைப்பு. வீட்டில் குடியேறுமுன்பே வீக்ஸ் இறந்துவிட்டார். கொள்ளுப்பேரனும் ஓவியருமான வீக்ஸ் ஹால் 1958-இல் சாகும்போது வீட்டை வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தார். வீட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பரணில் டிரங்குப் பெட்டிகளில் கிடந்த சுமார் 17,000 காகிதங்கள். கடிதம், ரசீது, அடிமைகளின் பெயர்ப்பட்டியல் என்று எல்லாம் அதில் இருக்கிறது. தூண்களைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாமல் அந்தப் பட்டியல்களைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள்.

ஊர் 1839-இல் நகராட்சி ஆனது. அதே ஆண்டு மஞ்சள் காய்ச்சல் வந்து பலரைக் கொண்டுபோனது. ஹெய்ட்டியிலிருந்து வந்த ஃபெலிசிட்டே என்ற கறுப்பினப் பெண்மணி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்; ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெயர் அது. இதே ஊர் 1944 மே மாதத்தில் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு வெல்டிங் பயிற்சிப் பள்ளி கேட்ட உரிமைச் சங்கத் தலைவர்களையும் மருத்துவர்களையும் காவலர்கள் அடித்து ஊரைவிட்டே துரத்தினார்கள். கூட்டாட்சி விசாரணை நடந்தும் யாரும் தண்டிக்கப்படவில்லை.

கரும்புக்கு வருவோம். இது கரும்புக்கு ஏற்ற நாடே இல்லை. குளிர்காலத்தில் உறைபனி விழும். அதனால் சாகுபடி முறையே வேறு. ஆகஸ்ட், செப்டம்பரில் பெரும்பாலும் முழுக் கரும்பையே பாரில் கிடத்தி மண் மூடுவார்கள். குளிரில் மேலே துளிர்த்தது கருகும். மண்ணுக்குள் இருக்கும் பரு பிழைத்து வசந்தத்தில் வெடித்து எழும். அடுத்த செப்டம்பர் கடைசியில் வெட்டு தொடங்கும். நட்ட கரும்புக்குப் பிறகு, வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் கட்டைப் பயிரை இரண்டு மூன்று முறை எடுத்துவிட்டு உழுவார்கள். ஆக, ஒன்பது மாத வளர்ச்சியில்தான் சர்க்கரை ஏற வேண்டும்.

இதில் கெடுவது எங்கே என்றால், கடும் உறைபனி விழுந்து தண்டு வெடித்த பிறகு சட்டென்று வெயில் அடிக்கும்போது. வெடிப்பில் நுழையும் பாக்டீரியா சாற்றில் டெக்ஸ்ட்ரான் என்ற பிசினை உண்டாக்கும். பாகு கொழகொழத்துச் சர்க்கரை மணி கட்டாது. ஆலை வாங்க மறுத்துவிடும். அதனால்தான் செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. அந்தப் பருவத்துக்கு உள்ளூர்ப் பெயரே ‘கிரைண்டிங்’.

1920களில் தேமல் நோய் வந்து பழைய தடித்த ரகங்களை அழித்தது. ஆலைகள் மூடும் நிலை. முதலில் ஜாவா ரகங்கள் வந்து காப்பாற்றின. பிறகு 1930களில் லூசியானா விவசாயிகள் கைக்கு வந்தவற்றில் இரண்டு ரகங்களின் பெயர் கோ 281, கோ 290. அந்தக் ‘கோ’ நம் கோயம்புத்தூர்தான். 1912-இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் வயல் கரும்பைக் காட்டு நாணல் கரும்போடு கலந்த வழியில் பிறந்தவை. காட்டுக் கரும்பு கொடுத்த நோய் தாங்கும் குணமும் முரட்டுத்தனமும் உறைபனி நாட்டில் உதவின. செப்டம்பர் கடைசி வார இறுதியில் நியூ ஐபீரியாவில் 1937 முதல் நடக்கும் கரும்புத் திருவிழாவுக்குப் போகும் தமிழர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை மேடு உப்பு. ஊருக்குத் தெற்கே சதுப்பின் நடுவே ஐந்து குன்றுகள் வரிசையாக நிற்கின்றன: ஜெஃபர்சன், ஏவரி, வீக்ஸ், கோட் பிளான்ச், பெல் ஐல். தீவு என்றுதான் பெயர், ஆனால் சுற்றிலும் கடல் இல்லை. ஆதிக்கடல் வற்றிப் படிந்த உப்பின்மேல் பல கிலோமீட்டர் வண்டல் ஏறியது. பாரம் கூடக் கூட, எடை குறைந்த உப்பு பசை போலப் பிதுங்கித் தூணாக மேலே வந்தது. ஏவரி தீவின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 50 மீட்டர். இந்தத் தட்டை நாட்டில் அது மலை.

உள்நாட்டுப் போரின்போது, 1862-இல், ஏவரியில் உவர்க்கிணற்றைத் தோண்டியபோது ஐந்து மீட்டர் ஆழத்திலேயே கல்லுப்பு தட்டியது. இறைச்சி பதப்படுத்த உப்பின்றித் தவித்த தென்படைக்கு அது புதையல். 1863 ஏப்ரலில் வடபடை நியூ ஐபீரியாவைப் பிடித்ததும் நேரே போய் உப்பளத்தை அழித்தது.

போருக்குப் பின் எட்மண்ட் மெக்கில்ஹெனி 1868-இல் அங்கே மிளகாய் பயிரிட்டுக் காய்ச்சியதுதான் டபாஸ்கோ. செய்முறை இன்றும் அதிகம் மாறவில்லை. நம் ஊர்க் காந்தாரி மிளகாயின் இனத்தைச் சேர்ந்த செடி. சிவப்புச் சாயம் பூசிய சிறு குச்சியை வைத்து நிறம் ஒத்த பழத்தை மட்டும் பறிப்பார்கள். அன்றே உப்போடு அரைத்து வெள்ளை ஓக் பீப்பாயில் இடுவார்கள். மூடியில் சிறு துளைகள், அதன்மேல் தடித்த உப்புப் படலம். புளிக்கும்போது கிளம்பும் வாயு வெளியேறும், காற்று உள்ளே போகாது. உப்பும் அமிலமும் சாதாரண இரும்பு வளையத்தைத் தின்றுவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு வளையம். மூன்று ஆண்டு வரை கிடந்தபின் வினிகர் சேர்த்துச் சில வாரம் கலக்கி, தோலும் விதையும் வடித்துப் புட்டியில் அடைப்பார்கள். மிளகாயில் பெரும்பகுதி இப்போது லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் விளைகிறது. விதை மட்டும் தீவிலிருந்து போகிறது.

தொப்பியில் செருகும் இறகுக்காக வெண்கொக்குகளை அழித்துவந்த காலத்தில், 1895-இல் அக்குடும்பத்து எட்வர்ட் மெக்கில்ஹெனி எட்டுக் குஞ்சுகளைப் பிடித்துக் கூண்டில் வளர்த்துக் குளிர்காலத்துக்கு முன் திறந்துவிட்டார். வசந்தத்தில் திரும்பி வந்தன. இன்று ஏவரி தீவின் குளத்தில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன.

உப்பு மேட்டையும் நம்பிவிட முடியாது. இதற்கு 1980 நவம்பர் 20-இல் பெய்னூர் ஏரியில் நடந்ததைவிட நல்ல சாட்சி இல்லை. ஜெஃபர்சன் தீவை ஒட்டிய மூன்று மீட்டர் ஆழ நன்னீர் ஏரி. அதன் அடியில் உப்புச் சுரங்கம். உப்பையே தூண்களாக விட்டு நடுவே வெட்டியெடுத்த கூடங்கள். மேலே டெக்சகோ நிறுவனத்துக்காக எண்ணெய்த் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். துளைக்கும் அலகின் விட்டம் 14 அங்குலம். சுமார் 375 மீட்டர் ஆழத்தில் அலகு மாட்டிக்கொண்டது. மேடை சாயத் தொடங்க, ஆட்கள் கரைக்கு ஓடினார்கள். மூன்று மீட்டர் ஏரிக்குள் உயரமான துளைக்கோபுரம் முழுதாக மறைந்தது.

உள்ளே நடந்தது இதுதான்: துளை சுரங்கக் கூடத்தைத் தொட்டுவிட்டது. கடல்நீர் என்றாலும் ஓரளவு தாமதமாகியிருக்கும். நன்னீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய 360 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். 14 அங்குலத் துளை நிமிடத்துக்கு நிமிடம் அகன்றது. தாங்கி நின்ற தூண்களும் கரைய, கூரை விழுந்தது. ஏரி, 11 தட்டைப் படகுகள், மரங்கள், கரைத்தோட்டத்தின் பல ஏக்கர் எல்லாம் சுழலுக்குள் போயின. ஏரியிலிருந்து கடலுக்கு வடியும் டெல்காம்பர் கால்வாய் திரும்பி ஓடியது. காலியான பள்ளத்தில் கடல்நீர் சுமார் 50 மீட்டர் உயர அருவியாக விழுந்தது. சுரங்கத்தில் அடைபட்ட காற்று நீர்த்தூண்களாகச் சீறியது. சுரங்கத்தில் இருந்த 50-க்கும் மேற்பட்டோர் அத்தனை பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். தண்ணீர் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்த ஒரு மின்பணியாளர் உடனே எச்சரித்ததும், வெளியேறும் பயிற்சி ஒழுங்காக நடந்திருந்ததும் காரணம். துளையிட்ட இடத்தைக் குறித்ததில் பிசகு என்பதே பலரும் சொல்லும் விளக்கம். சான்று முழுவதும் நீரோடு போய்விட்டதால் விசாரணையில் பழியை உறுதியாக யார்மேலும் வைக்க முடியவில்லை. நஷ்டஈடு பல கோடி டாலர். நன்னீர் ஏரி உவர்நீர் ஏரியாகிவிட்டது.

அத்தோடு நிற்கவில்லை. வீக்ஸ் தீவின் பழைய சுரங்கத்தில் அரசு அவசர இருப்பாக எண்ணெய் நிரப்பி வைத்திருந்தது. 1992-இல் மேலே புதைகுழி விழுந்ததும் எல்லாவற்றையும் காலிசெய்ய வேண்டியதாயிற்று. ஏவரிச் சுரங்கத்தில் 2020 டிசம்பரில் கூரை விழுந்து இருவர் இறந்தனர். மறு ஆண்டு சுரங்க நிறுவனம் வெளியேறியது.

வண்டல் மேட்டுக்கும் சோதனை உண்டு. 1927 பெருவெள்ளத்தில் அச்சாஃபலாயா ஆற்றுக் கரைகள் உடைந்து நியூ ஐபீரியா தெருக்களில் தண்ணீர் நின்றது. பின்னர் கட்டிய உயரமான கரைகள் வெள்ளத்தைத் தடுத்தன. கூடவே டெஷுக்கு வந்த புதுநீரையும் தடுத்துவிட்டன. ஓடை தேங்கி நாறியது. 1980களின் தொடக்கத்திலிருந்து கிராட்ஸ் ஸ்பிரிங்ஸ் அருகே அச்சாஃபலாயாவிலிருந்து பம்பு வைத்து நீர் விடுகிறார்கள். இன்று நீங்கள் பார்க்கும் ‘இயற்கையான’ ஓட்டத்துக்கு மின்கட்டணம் உண்டு.

மற்றவை சுருக்கமாக. 1912-லிருந்து கான்ராட் குடும்பப் பெயரில் ஓடும் அரிசி ஆலை நாட்டிலேயே இன்னும் இயங்கும் மிகப் பழைய ஆலை. பெல்ட் ஓடும் இயந்திரங்களைப் பார்க்கலாம். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் பங்க் ஜான்சன் பல்லும் கருவியும் இழந்து இங்கே கூலிவேலை பார்த்துக்கொண்டிருந்தார். ரசிகர்கள் தேடிப்பிடித்து, பல்செட் கட்டி, 1942-இல் ஒலிப்பதிவு செய்தார்கள். எண்ணெய்த் தொழிலுக்காக வந்த லாவோஸ் அகதிகள் ஊருக்கு வடக்கே லான்சாங் என்ற குடியிருப்பும் புத்தர் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் அவர்கள் புத்தாண்டு பெரிய விழா.

போவதானால் சில குறிப்புகள். கொக்குகளுக்கு மார்ச் முதல் ஜூன் வரை. கரும்பு வெட்டுக்கு அக்டோபர், நவம்பர். அப்போது லாரிகள் சாலையில் இறைக்கும் களிமண் மழை பெய்தால் எண்ணெய் போல வழுக்கும், இருசக்கர வண்டி வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் கொசுவும் புழுக்கமும் தாங்காது. பாயூவில் குளிக்காதீர்கள், முதலை இருக்கும். சைவர்கள் ஒவ்வொரு தட்டையும் கேட்டே வாங்க வேண்டும்: ராஜ்மா போட்ட சோற்றில் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும், காய்கறி கம்போ (இந்த ஊர்க் குழம்பு) என்று சொன்னாலும் அடியில் கோழிச்சாறு இருக்கலாம். கம்போவை வீட்டில் செய்து பார்க்க நினைத்தால், எண்ணெயும் மைதா மாவும் சம அளவு எடுத்துச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் கைவிடாமல் கிளறிக் கரும்பழுப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள், கசப்பு போகாது. நிறம் வந்ததும் நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் போட்டால் சூடு தணிந்து கருகுவது நிற்கும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் மெயின் ஸ்ட்ரீட்டும் ஷேடோஸும், மதியம் ஏவரி, மாலையில் ஜெஃபர்சன் தீவுத் தோட்டம். அங்கே ஏரிக்கரையில் நின்றால் தண்ணீருக்கு நடுவே ஒரு செங்கல் புகைபோக்கி மட்டும் நிற்பது தெரியும். 1980-இல் மூழ்கிய வீட்டினுடையது. அப்போது அது புதுவீடு, மேட்டில் கட்டியது.